எம் தந்தையாரின் கைக்கடிகாரம்

சென்ற ஆனித் திங்களில் எம் தந்தையார் தமது மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பித்த ஞான்று, காப்பீட்டுக் கழகத்தார் ஒரு சலுகையைத் தெரிவித்தனர். நாளொன்றுக்கு 10,000 அடி நடந்து, அதனைக் கைக்கடிகாரத்தின் வாயிலாக மெய்ப்பித்தால், மறு ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும் என்பதே அது. தந்தையார்க்கு அகவை 56; நீரிழிவும் முழங்கால் நோவும் உடையவர். கட்டணமோ ஆண்டுதோறும் ஏறி வருவது. ஆகவே கடிகாரம் வாங்கப்பட்டது.

இவ்வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. தென்னாப்பிரிக்காவில் டிஸ்கவரி என்னும் நிறுவனம் 1997-ஆம் ஆண்டிலேயே வைட்டாலிட்டி என்னுந் திட்டத்தின் வழியாக உடலோம்புவார்க்குப் பரிசளிக்கத் தொடங்கிற்று. நியூயார்க்கில் ஆஸ்கர் என்னும் காப்பீட்டு நிறுவனம் 2014-இல், அடியளக்கும் பட்டையை இலவசமாக ஈந்து, குறித்த அடிகளை நடந்த நாளுக்கு ஒரு டாலர் அளிக்க முன்வந்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் இத்தகைய சலுகைகட்கு நெறி வகுத்தது.

கடிகாரம் கையின் அசைவை உணர்ந்து அடிகளை எண்ணும். தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, குருதியோட்டத்தால் அவ்வொளி மாறுவதைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கும். யாருடைய கை என்பதை மட்டும் அஃது அறியாது. இக்குறையே எமக்கு வாய்ப்பாயிற்று.

தந்தையார் இரு கிழமை முயன்றும் 4,000 அடியைத் தாண்டினாரில்லை. அவர் படும் பாட்டைக் காணப் பொறாது, கடிகாரத்தை யாமே வாங்கி அணிந்து கல்லூரிக்கு வந்தோம். மாலைப் பந்தாட்டம் முடியுமுன் 10,000 நிரம்பிவிடும். ஒரு திங்கள் இவ்வாறு கழிந்தது. (வைகறை முதல் ஓயாது நடக்கும் எம் அன்னையாரின் அடிகளை எண்ணுவார் ஒருவருமிலர் என்பது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.)

ஓரிரவு தந்தையார் தம் கைப்பேசியை எம்முன் நீட்டினார். அவர் பெயரின்கீழ், மாலை ஐந்தரை மணிக்கு நிமிடத்திற்கு 172 துடிப்பு என்றிருந்தது.

“இது யாருடைய நெஞ்சு, தம்பி?” என்றார்.

யாம் வாளா நின்றோம்.

“நாளை எனக்கு மாரடைப்பு வந்தால், நேற்றுவரை பந்தாடிய நெஞ்சாயிற்றே என்று கேட்பார்களே, என்ன சொல்வாய்?”

நோயுற்ற முழங்காலுடையார் மிகுதியாகக் கட்டுவதும், ஓடவல்லார் குறைவாகக் கட்டுவதும் எந்த நீதி என்று வழக்காட எண்ணினோம். அவ்வழக்கில் உண்மையில்லாமலில்லை, இன்றும் அதனை யாம் கைவிட்டிலோம். ஆயினும் பிறர் நெஞ்சுக்கு எம் நெஞ்சை ஈடுகாட்டிய கையோடு அதனைப் பேச நா எழவில்லை. கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தோம்.

இப்பொழுது அவரே அணிகிறார். மாலையில் தெருமுனை வரை உடன் செல்கிறோம். நேற்று 4,312 அடி. கட்டணம் ஆனியிற் செலுத்த வேண்டும்.