மெடிசின் கிடைக்காத பிள்ளைக்கு



உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பேருக்கு மெடிசின்?" என்பதுதான். இசட் புள்ளியில் கொஞ்சம் தவறிய பிள்ளை, உயிரியலே தன்னைக் கைவிட்டதுபோல முடங்கிப் போகிறது. அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அஸீஸ் சன்ஜார், 1946இல் துருக்கியின் தென்கிழக்கிலுள்ள சவூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பிள்ளைகளின் படிப்பில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இஸ்தான்புல்லில் மருத்துவம் படிக்கும்போதே உயிர் இரசாயனம் அவரை ஈர்த்துக்கொண்டது. 1969இல் வைத்தியராகி, தன் பகுதியிலேயே நோயாளர்களைப் பார்த்தார். பிறகு ஆய்வுக்காக அமெரிக்கா போனார். முதல் முயற்சி சரிவரவில்லை, ஊர் திரும்பினார். 1973இல் மீண்டும் போய், 1977இல் டலஸில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன் பின்னும் விண்ணப்பித்த ஆய்வுகூடங்கள் இடம் தரவில்லை. கடைசியில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தார். வைத்தியராகவும் கலாநிதியாகவும் இருந்தவர் அந்த வேலையைக் குறைவாக நினைக்கவில்லை.

வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் நம் கலங்களின் டீஎன்ஏயைப் பழுதாக்குகிறது. பக்டீரியாவில் மூன்று புரதங்கள் பழுதின் இரு பக்கமும் வெட்டி அந்தத் துண்டை அகற்றுகின்றன என்பதை 1983இல் வெளியிட்டார். அதற்கான வேலை யேலில் தொடங்கியதுதான். மனிதக் கலத்தில் இது நடக்கும் விதத்தையும் பின்னர் விளக்கினார். பிறவியிலேயே இந்தத் திருத்தம் சரியாக நடக்காதவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

வைத்தியராகிவிட்டவரே விரும்பித் தேடிப் போன பாதை இது. நாமோ அதைத் தோற்றவர்களின் பாதையாகப் பார்க்கிறோம்.

மூன்றாம் தடவையும் பரீட்சை எழுதச் சொல்லுமுன், பிள்ளையுடன் உட்கார்ந்து பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை முழுதாக வாசியுங்கள். பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பட்டத்தின் பின் மூலக்கூற்று உயிரியல் படிக்கக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தனி நிறுவனமே உண்டு. இந்தத் துறைகளில் ஏற்கெனவே இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கீழே கருத்திடுங்கள். தம்பி, தங்கைமாருக்கு வழி தெரியட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவில் பரகத் செய்வானாக.