நாலு கதவும் நாற்பது ஸ்க்ரூவும்

புதுப்பேட்டைக்குப் போகிறேன் என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும் ஒரே ஜோக்கைத்தான் சொல்வார்கள். காலையில் உங்கள் வண்டியிலிருந்து காணாமல் போன கண்ணாடி சாயங்காலம் அங்கே தொங்குமாம். நீங்களே பேரம் பேசி வாங்கிக்கொள்ளலாமாம். என் மாமனார் சொன்னார். மாடி வீட்டுக்காரர் சொன்னார். அங்கே என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரரும் சில்லறை தேடியபடியே சொன்னார். மூன்று பேருக்கும் முதல் தடவை கேட்பது போலவே சிரித்துவைத்தேன்.

அண்ணா சாலையிலிருந்து ஆதித்தனார் சாலையில் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. ஹாரிஸ் ரோடு என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். செல்வராகவன் 2006-ல் இந்தப் பேரில் படம் எடுத்த பிறகு, வெளியூர்க்காரர்கள் இங்கே சந்துக்குச் சந்து அரிவாளோடு ஆள் நிற்பார்கள் என்று நினைக்கிறார்கள். நிற்பது என்னவோ ஸ்பானரோடுதான். ஒரு கடை வாசலில் கதவுகள் மட்டும். துணிக்கடையில் புடவை அடுக்கியதைப் போல. பக்கத்தில் ஸ்டீரிங் மட்டும். அதற்கடுத்து ஒருவர் ஹெட்லைட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார். அத்தனை விளக்கும் அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு அங்கே என்ன வேலை? பி.காம். படித்தவன். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று தெரியும். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எல்லாம் அப்பாவின் வண்டியால் வந்தது.

வண்டி, பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தாலும் நம்மூரில் சாகும்வரை அதற்குப் பேர் 'ஃபியட்'தான். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. எங்கள் வீட்டு வண்டி அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. 2019-ல் அப்பா போன பிறகு தார்பாலினுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. 'எடைக்குப் போட்டுடுப்பா' என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

எஞ்சினை ஒருவழியாக உசுப்பிவிட்டோம். கதவுகள்தான் பரிதாபம். உள்பக்கம் ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு அட்டை, மழையில் நனைந்த அப்பளமாக வளைந்து நின்றது.

இதில் ஒரு விஷயம் எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கார் கதவுக்குள் தண்ணீர் போவது ரிப்பேர் இல்லை. போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அட்டை நனையாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்க வேண்டும். அது கிழிந்தால் அட்டை ஊறும். அடி ஓட்டை அடைத்துக்கொண்டால் கதவே துருப்பிடிக்கும். எங்கள் வண்டியில் இரண்டும் நடந்திருந்தது.

முதலில் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. காருக்கு நகை நட்டு போடும் கடைகள் அங்கேதான். "புது அட்டை, டைமண்ட் தையல் ரெக்சின், ஒரு மணி நேரம் சார்" என்றார் கடைக்காரர். அடுத்த மழைக்கு மறுபடி அப்பளம்தானே? புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் பாய் இருக்கிறார், பழைய ஃபியட் என்றால் சொத்தை எழுதி வைப்பார் என்று யாரோ சொன்னார்கள். (எனக்கு இல்லை, ஃபியட்டுக்கு.)

பாய்க்கு அறுபது வயது இருக்கும். கதவை விரலால் இரண்டு தட்டு தட்டினார். டாக்டர் முதுகைத் தட்டுவாரே, அதே மாதிரி.

"அட்டை வேணாம் சார். அலுமினியம் போட்டுக்கலாம். கழட்டி மாட்ற மாதிரி."

"அலுமினியமா? பாத்திரக்கடை மாதிரி இருக்காதா பாய்?"

"ரேஸ் காருக்கெல்லாம் அதான் சார் போடறாங்க. நீங்க ரேஸ் ஓட்ட வேணாம். பத்து ஸ்க்ரூ. வேணும்னா கழட்டு, வேணாம்னா மாட்டு. உள்ள இன்னா கீதுன்னு பாத்துக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

மண்ணடியில் தகடு வாங்கினோம். எட்டுக்கு நாலு அடி ஷீட், 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் சொச்சம். 20 கேஜ் என்றால் படபடக்குமாம். 16 கேஜ் கனமாம். கிலோ கணக்கில்தான் விலை. தராசில் ஒன்பதரை கிலோவைத் தாண்டி நின்றது. அதே ஷீட் இரும்பாக இருந்தால் கிட்டத்தட்ட மூன்று பங்கு எடை. என் வாழ்க்கையில் வாங்கியதிலேயே எடைக்கு எடை கணக்கு சரியாக வந்த பொருள் இதுதான்.

பழைய அட்டையைக் கழற்றி, அதையே அளவாக வைத்து முதலில் காலண்டர் அட்டையில் வெட்டினார் பாய். தகட்டில் நேரடியாகக் கை வைக்கவில்லை. "அட்டை தப்பானா பத்து ரூபா. தகடு தப்பானா மண்ணடி."

முன் கதவுகள் இரண்டும் ஒழுங்காகப் பிரிந்தன. பின்பக்க இடது கதவைப் பிரித்தபோது அடியில் கெட்டியான சேறு. ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்த வில்லன். பையன் ஒருவன் ஸ்க்ரூ டிரைவரால் கிளறி ஒரு பேப்பரில் கொட்டினான். ஒரு நாலணா, இன்னொரு நாலணா (அது 2011-லேயே செல்லாமல் போய்விட்டது), மூன்று ஐஸ் குச்சி, ஒரு பாதி சீப்பு. அதற்குக் கீழே மண் அப்பிய ஒரு உருண்டை. பையன் சட்டையில் துடைத்தான். மஞ்சளாக மின்னியது.

ஜிமிக்கி.

1997-ல் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது காது வலிக்கிறது என்று அம்மா ஜிமிக்கியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. வண்டியை அலசினார்கள். சீட்டைத் தூக்கினார்கள். கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வரும் ஆக்டிங் டிரைவர் அண்ணன்தான் அன்றைக்கு ஓட்டியவர். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சரி, அன்றைக்கு அம்மா பக்கத்தில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். வயது ஒன்பது. அந்தக் கண்ணாடி இடுக்கு அப்போது என் உண்டியல். நாலணா போட்டால் 'டங்'கென்று ஒரு சத்தம் வரும். ஜிமிக்கியைப் போட்டது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நாலணாவும் ஐஸ் குச்சியும் யார் போட்டது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. தணிக்கை பண்ணத் தெரிந்தவனுக்கு இந்த அளவு சாட்சி போதும்.

பாய் ஜிமிக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "டீ சொல்லுடா" என்றார் பையனிடம்.

வேலை நான்கு நாள் நடந்தது. கதவின் இரும்பில் ஓட்டை போட்டு, ரிவ்நட் என்று ஒரு குட்டி நட்டை வைத்துக் கருவியால் ஒரு இழுப்பு இழுத்தால் அது உள்ளே புடைத்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் கைவிட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. 1930-களில் விமான இறக்கையில் பனி உறையாமலிருக்க ரப்பர் உறை மாட்டுவதற்காக அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி கண்டுபிடித்த சமாசாரம் இது. அப்பாவின் ஃபியட் கதவில் நாற்பது போட்டார்கள்.

முதல் கதவில் ஒரு கூத்து. ஸ்க்ரூ கால் அங்குலம் நீளம் அதிகம். மாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் 'க்ரீச்'! கண்ணாடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. பையனுக்கு விழுந்த திட்டில் கூவத்தில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. அப்புறம் எல்லாம் குட்டை ஸ்க்ரூ, உருண்டைத் தலை. சட்டை மாட்டாது, முழங்கை கிழியாது.

இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி உட்கார்ந்தால் ஆகாதாம். பாட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். அரித்துப் போவது அலுமினியம். அதனால் நடுவில் பிரைமர், சுற்றி ஃபோம் டேப். அந்த டேப்பே கடகடவென்ற சத்தத்தையும் அடக்குகிறது. தட்டையான தகடு தகரடப்பா மாதிரி 'தொபுக்' என்று உள்ளே போய் வெளியே வரும் என்பதால் குறுக்கே இரண்டு வரி அமுக்கினார். விளிம்பை அரத்தால் ராவி ரப்பர் பீடிங் மாட்டினார். சும்மா விட்டால் வெள்ளைச் சட்டையில் கறுப்பு ஒட்டும் என்று மேலே லாக்கர் அடித்தார். கை வைத்து இழுத்துச் சாத்தும் ஆர்ம்ரெஸ்ட்டை மட்டும் தகட்டில் மாட்டாமல் கதவு இரும்பிலேயே மாட்டினார். "மன்சன் இழுக்கறது இங்கதான் சார். தகடு தாங்காது."

போலீஸ் பிடிக்காதா என்று கேட்டேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றினால்தான் 52-வது பிரிவு. "கதவுக்கு உள்சட்டை மாத்தறதுக்கு எந்தப் போலீஸ் வரும்?" என்றார். உள்சட்டை என்ற வார்த்தை சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார். "அந்த டிரைவரு எங்க இருக்காரு?"

தெரியாது என்றேன். பேரைச் சொன்னேன். வியாசர்பாடிப் பக்கம், நெற்றியில் ஒரு தழும்பு, ஃபியட் நன்றாக ஓட்டுவார். பாய் ஒரு கியர்பாக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்து டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்குக்கு. சாயங்காலம் வண்டியைப் பார்க்கப் போனபோது ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் ரெடி.

"புதுப்பேட்டைல காணாப் போன எதுவும் கிடைக்கும் சார்" என்றார் சிரிக்காமல். அந்த ஜோக் அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

அம்மாவிடம் ஜிமிக்கியைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். நான் உண்டியல் கதையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வயதில் அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். "வண்டியை எடுடா" என்றாள்.

வியாசர்பாடியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது வீடு. டிரைவர் அண்ணனுக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அம்மா இறங்கிப் போய் ஒன்றும் பேசாமல் முந்தானையிலிருந்து ஜிமிக்கியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

"கதவுக்குள்ளயா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, கதவைப் பிரிச்சுப் பாத்துடலாம்னு. ஐயாதான், அட்டை உடைஞ்சுடும், அப்புறம் ஒழுங்கா உக்காராதுன்னு வேணாம்னுட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஃபியட் கதவு அட்டையின் குணத்தைப் பற்றி ஒரு தகவலாகத்தான் சொன்னார். அம்மா அழுதாள். நான் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

அவர் ஜிமிக்கியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இடது பின் கதவைத் திறந்தார். தகட்டைத் தடவினார். ஸ்க்ரூக்களை எண்ணினார். டேஷ்போர்டிலிருந்து அலன் கீயை எடுத்துக் கொடுத்தேன். பத்தையும் கழற்றித் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுக்குள் எட்டிப் பார்த்தார். அடி ஓட்டையில் விரலை விட்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதான் வேலை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்புறம் லுங்கியை மாற்றிக்கொண்டு பேன்ட்டில் வந்தார். சாவிக்குக் கை நீட்டினார். "ஒரு ரவுண்டு எடுக்கட்டுமா தம்பி?"

அம்மா பின் சீட்டில், பழைய இடத்தில். நான் முன்னால். வண்டி வியாசர்பாடி மேம்பாலம் ஏறும்வரை கண்ணாடி இடுக்குப் பக்கமே நான் கையைக் கொண்டுபோகவில்லை.