மக்கடேமியா வளரும் நாட்டிலே

அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலே, பிரிஸ்பேன் நகரினூடே வளைந்து செல்லும் ஆற்றின் ஓரமாகப் பழைய தாவரவியற் பூங்கா ஒன்று உளது. அங்கே 1858 ஆம் ஆண்டில் நடப்பட்ட மரமொன்று இன்றும் பசுமை குன்றாது நிற்கின்றது. பார்வைக்கு எடுப்பான மரமன்று. பூங்காவுக்கு வருவோரிற் பலர் அதனை ஏறிட்டும் பாராது சென்று விடுவர். ஆயினும், தோட்டத்தில் நட்டு வளர்க்கப்பட்ட முதல் மக்கடேமியா மரம் இதுவே என்பர்.

இதனை நட்டவர் பூங்காவின் அதிபராயிருந்த வோல்ட்டர் ஹில். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கொட்டையின் ஓடு மிகக் கடினமாயிருந்தமையால், நடுவதற்கென அதனை உடைத்துத் தருமாறு தம் உதவியாளனான இளைஞனைப் பணித்தாராம். பருப்பு நஞ்சென்பது அவர் எண்ணம். பின்னர் வந்து பார்த்தால், பையன் அதனைச் சுவைத்து உண்டுகொண்டிருந்தான்! நாள்கள் சில சென்றும் அவனுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

பையனின் துணிவைக் கூறி மகிழ்வோர், எத்தனையோ தலைமுறைகளாக இப்பருப்பை உண்டுவந்த அந்நாட்டுப் பழங்குடி மக்களை ஏனோ மறந்து விடுகின்றனர். கொட்டை உருளாதிருக்கக் குழி பொருந்திய கல்லில் வைத்து, வேறொரு கல்லால் அடித்து உடைப்பது அவர் வழக்கம். அவர்கள் இதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘கிண்டல் கிண்டல்’ என்பது. அடிக்க அடிக்கத் துள்ளியோடும் கொட்டைக்குத் தமிழர் செவியில் இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை! ஆனால், 1857 இல் பேர்டினண்ட் வொன் முல்லர் என்னும் தாவரவியலறிஞர், மெல்பேணில் வாழ்ந்த தம் நண்பரான இரசாயன அறிஞர் ஜோன் மக்கடமின் பெயரைச் சூட்டினார். அதுவே நிலைத்துவிட்டது.

ஓட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பச்சைத் தோல் நீங்கியதும் வெளிப்படும் கொட்டை, சிறுவர் விளையாடும் பெரிய கோலிக்குண்டு போல வழுவழுப்பானது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஒன்றில் தெறித்தோடும். அன்றேல் பருப்பும் ஓடும் சேர்ந்து நொறுங்கும். காரணம், புதிய பருப்பு ஈரம் மிகுந்து ஓட்டோடு ஒட்டியிருப்பதே. மெல்ல மெல்ல உலர்த்தினால் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். முற்றிய தேங்காய் காய்ந்து, கொப்பறை சிரட்டைக்குள்ளே குலுங்குவதை நாம் அறிவோமன்றோ? அதே விந்தைதான். பின்னரே உருக்கு இயந்திரங்கள் அதனை உடைக்கும். நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஓடே; அதனை எரிபொருளாக்குவாரும் உளர். பருப்பிலோ நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் எண்ணெய். மரமுந்திரிகைப் பருப்பும் இதற்கு ஈடாகாது. இக்காலக் கடைகளில் ஓட்டைச் சிறிது அறுத்து, திருகித் திறக்க ஒரு சாவியும் சேர்த்து விற்கின்றனர். எலிகளுக்கு மட்டும் சாவி வேண்டியதில்லை, துளையிட்டே தின்றுவிடும்.

தெற்கே எல்லை கடந்து லிஸ்மோர்ப் பக்கம் சென்றால் செம்மண் மேடுகளெங்கும் மக்கடேமியாத் தோட்டங்களே. உதிர்ந்த கொட்டைகளை, நெகிழும் பற்கள் செறிந்த உருளைகள் பொறுக்கிச் செல்கின்றன. ஒரு காலத்தில் இங்கே ஏறத்தாழ 75,000 ஹெக்டேயர் மழைக்காடு இருந்தது. மரத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் குடியேறியோர் அதனை வெட்டினர். நூற்றுக்கு ஒரு பங்களவே எஞ்சியது. அக்காட்டோடு காட்டு மக்கடேமியாவும் வீழ்ந்தது.

இதனால் வந்த கேடு சிறிதன்று. 1880 களில் வில்லியம் பேர்விஸ் என்பவர் ஹவாய்த் தீவுக்கு விதைகளைக் கொண்டு சென்றார். அங்கே தெரிந்தெடுத்து ஒட்டிய இனங்களே பின்னர் பல நாடுகளுக்கும், தாயகத்துக்குமே திரும்பி வந்தன. 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, ஹவாய் மரங்களின் தாய்வழியை குவீன்ஸ்லாந்தில் ஜிம்பிக்கு அருகிலுள்ள ஒரு சிறு பகுதிக்கே கொண்டு சேர்த்தது. இவ்வளவு குறுகிய வமிசத்தை ஒரு நோய் தாக்கினால், அதனைத் தாங்கும் குணத்தைத் தேடிக் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

காட்டிலோ நான்கே இனங்கள். நான்கும் அருகி வருவன. அவற்றுள் ஒன்று 1980 களிலேதான் கண்டறியப்பட்டது. இயற்கையில் அது மிகச் சிலவே உண்டு. அதன் பருப்பு கசப்பானது, உண்ணத் தகாதது. ஆயினும் மரம் குட்டையானதாகையால், இனக்கலப்புச் செய்வோர் இப்பொழுது அதனையே நாடிச் செல்கின்றனர்.