ஒழுக்கும் அடைப்பும்

ஒழுக்கை நிறுத்துவது வேறு. பழுதைத் தீர்ப்பது வேறு. இவ்வுண்மை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் திருகோணமலை உட்துறைமுக வீதியை அண்டிய சிறு கராச் ஒன்றிலே புலப்பட்டது.

அவருடைய வண்டி, தந்தை வழி வந்த மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இனம். நாலு மைல் ஓடினால் கொதித்தது. நிறுத்தினால் அடியிலே செந்நிற நீர் சொட்டியது.

“ஒழுக்கை மட்டும் அடைச்சுவிடு தம்பி. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையைப் பார்க்க மட்டக்களப்புக்குப் போகவேணும்.”

“அடைக்கலாம் மாஸ்ரர். அடைச்சு அடைச்சுத்தான் வண்டி இப்படிக் கிடக்குது” என்றார் மெக்கானிக்.

எஞ்சின் ஆறிய பின்னரே அவர் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். எஞ்சினின் வடிகுழாயைத் திருகியபோது ஒரு துளி நீரும் வரவில்லை. கம்பியால் குத்தியதும் துருச்சேறு வழிந்தது. அதனிடையே மஞ்சள் நிறக் கட்டிகளும் வந்தன. ஆசிரியர் தலைகுனிந்தார்.

1977க்கு முன், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உதிரிப்பாகங்கள் அரிதாயிருந்த நாட்களில், ஒழுகும் றேடியேற்றருக்குள் மஞ்சள் தூளும் முட்டை வெண்கருவும் இடுவது அவருடைய தந்தையின் வைத்தியம். தட்டுப்பாடு நீங்கிய பின்னும் மகன் அதனைக் கைவிடவில்லை. வெப்பத்தில் உறையும் வெண்கரு துளையை மட்டுமன்றி, நீரோடும் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். நீரோட்டம் குன்ற வெப்பம் மிகும். வெப்பம் மிக அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறப் புதிய ஒழுக்குப் பிறக்கும்.

றேடியேற்றரைக் கழற்றிய மெக்கானிக், வழமைக்கு மாறாகக் கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சினார். எஞ்சினையும் அவ்வாறே கழுவினார். நீர் தெளிந்தபோது, முன்பு ஓரிடத்தில் ஒழுகிய றேடியேற்றர் மூன்று இடங்களில் ஒழுகியது.

“கழுவிக் கெடுத்துப்போட்டாயே!”

“இல்லை மாஸ்ரர். முந்தியே கெட்டுத்தான் இருந்தது. இப்பதான் கண்ணுக்குத் தெரியுது.”

துளைகள் ஈயப்பற்று வைத்து அடைக்கப்பட்டன. வெடித்த றப்பர்க் குழாய்கள் மாற்றப்பட்டன. கடலோரக் கிணற்று நீரின் உப்பு இரும்பை அரிக்குமாதலால், காய்ச்சி வடித்த நீரோடு குளிரூட்டித் திரவம் கலந்து ஊற்றப்பட்டது. பனி உறையாத திருகோணமலைக்கு அத்திரவம் எதற்கு என்று ஆசிரியர் வினவினார். உறைவதைத் தடுப்பதோடு துருவையும் அது தடுக்கும் என்பது விடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸிலேதான் மட்டக்களப்புக்குப் போனார். மறுவாரம் வண்டி நிலாவெளிவரை கொதியாமற் சென்று திரும்பியது. வீடு சேர்ந்ததும், வண்டியில் நெடுங்காலமாகக் கிடந்த மஞ்சள் தூள் பேணியை எடுத்து, சமையலறையிலே கொண்டுபோய் வைத்தார்.