இரண்டாம் கியரும் பித்தளை ரிவிட்டும்

கோவையில் என் நண்பர் ஒருவர் சான் ஸ்டார்ம் வைத்திருக்கிறார். பெங்களூரு சான் மோட்டார்ஸ் 1990களின் கடைசியில் கொண்டுவந்த இரண்டு இருக்கை வண்டி. ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், கூரையைத் திறந்துவிட்டு ஓட்டலாம். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. நண்பர் முன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவரே அதை வெளியே எடுப்பதில்லை. அவிநாசி ரோட்டில் நாலு சிக்னல் தாண்டுவதற்குள் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வலி எடுக்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளினால் கர்ரென்று உரசுகிறது. வண்டி நகரும்போது டேஷ்போர்டு வரைக்கும் நடுக்கம். கேட்டவர்கள் எல்லோரும் ‘கிளட்ச் செட்டை மாத்திருங்க’ என்றார்கள். மாற்றுவதற்குச் செட் எங்கே இருக்கிறது? தயாரித்தவர்கள் கடையைக் கட்டிப் பல வருடம் ஆயிற்று.

“பிளேட்டுக்கு லைனிங் அடிக்கிறவர் ஒருத்தர் இன்னும் இருக்காராம். வர்றியா?” என்று கேட்டார். அந்தத் தொழில் முடிந்துபோனதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பிவிட்டேன்.

முதலில் போனது கணபதி பக்கம் ஒரு பட்டறைக்கு. அதை நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். பையனாக இருந்தபோது அவர் தொழில் கற்றது பந்தயக் கார் பட்டறைகளில். கோவைக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் எஸ்.கரிவரதனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்து காட்டியவர் அவர். அதனால் நடுத்தர வீட்டுப் பையன்களும் பந்தயத்தில் இறங்க முடிந்தது. 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2003இல் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா ஒன் ஓட்டப் போன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். ஓட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். கிளட்ச் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பட்டறைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாஸ்டர் பானெட்டைத் தொடவே இல்லை. ஏறி உட்கார்ந்தார், எஞ்சினை ஓடவிட்டார், கிளட்சை அடிவரை மிதித்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர்.

“மிதிச்சும் உள்ள பிளேட் நிக்கலீங்க, சுத்தீட்டே இருக்குது. அப்பறம் எப்படிங்க கியர் விழும்?”

பல கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்களுக்குப் பித்தளை சின்க்ரோ வளையம் இருக்கும், ரிவர்ஸுக்கு இருக்காது. அந்த வளையம் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்தித்தான் கியரைச் சத்தமில்லாமல் விழ வைக்கிறது. கிளட்ச் முழுதாக விடாதபோது அந்தச் சுமையும் வளையத்தின் தலையிலேயே விழுகிறது. அது தேய்ந்து தீரும்வரை ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் மட்டும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தன்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்குமேல் கிளட்சில்தான் கோளாறு என்றார் மாஸ்டர். தவறான ஆயிலுக்கு அடுத்த இடம். ஜிஎல்-4 ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ‘இது இன்னும் உசத்தி’ என்று ஜிஎல்-5 ஊற்றிவிடுகிறார்கள். சின்க்ரோ பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்குகிறது.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. கிளட்ச் கேபிளின் மறுமுனையைக் கழற்றிவிட்டு, நண்பரைப் பெடலைக் கையால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கிளட்சோடு தொடர்பே இல்லாத வெறும் பெடல், அப்போதும் முரண்டு பிடித்தது. “பாத்தீங்களா, கனம் பூரா கிளட்ச்சுல இல்லீங்க.” பெடல் ஆடும் இடத்து புஷ் காய்ந்து கிடந்தது. முன்பு வேலை பார்த்த யாரோ கேபிளைச் சைலன்சர் பைப்புக்கு ஒட்டினாற்போல் கட்டிவிட்டிருந்ததில், சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் இளகிக் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. வண்டியை நண்பரிடம் விற்றவர் அதில் எண்ணெய் வேறு ஊற்றியிருக்கிறார். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளுக்கு எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பசையாகிவிடும். அளவு கொடுத்துப் புதுக் கேபிள் செய்ய ஆள் அனுப்பினார். முழங்கால் வலியில் பாதி அங்கேயே தீர்ந்தது.

இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த வேலைக்காக வருவதில்லை என்பது அவர் குறை. அவர்கள் கேட்பது கியர் ராடைக் குட்டையாக்கித் தரும் ஷார்ட் ஷிஃப்டர், இல்லாவிட்டால் பந்தயத்துக்கான பட்டன் கிளட்ச். ராடு குட்டையானால் கை நகரும் தூரம் குறையும், தள்ள வேண்டிய பலம் கூடும், சின்க்ரோவுக்கு மூச்சு முட்டும். பட்டன் கிளட்ச் பிடித்தால் பிடி, விட்டால் விடு என்று இருக்கும். பந்தயத்தில் அது தேவை. உக்கடம் பாலத்தடியில் மெதுவாக நகரும்போது வண்டி குதிக்கும். “செட்டிபாளையத்துல நல்லாருக்குமுங்க. ஆனா தெனமும் வீட்டுக்கும் போகோணுமல்லங்க” என்றார்.

கியர்பாக்ஸை இறக்கிய நேரத்தில் பெரும்பகுதி நான் டீக்கடையில் இருந்தேன். போல்ட் கழற்றுவதை ஓரளவுக்குமேல் பார்க்க முடியாது. திரும்பி வந்தபோது கிளட்ச் பிளேட் மாஸ்டர் கையில் இருந்தது. அவர் முகம் மாறியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நண்பர் ‘புதுசு’ என்று பெட்டியோடு வாங்கிப் போட்ட பிளேட் அது. பழைய பிளேட்டுக்கு லைனிங் அடித்து, நடுப்பகுதிக்குக் கறுப்புப் பெயின்ட் தெளித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். லைனிங் அடித்ததுகூடத் தப்பில்லை, அடித்த விதம்தான் தப்பு. கிளட்ச் பிளேட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது, உரசிப் பிடிக்கும் இரண்டு பக்கத்து லைனிங். அவற்றுக்கு நடுவே பொரித்த அப்பளம் போல அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் எஃகு இதழ்கள் வட்டமாக இருக்கும். நாம் காலை மெதுவாக எடுக்கும்போது அந்த அலை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. கிளட்ச் ‘பூப்போல’ பிடிக்கிறது என்று ஓட்டுநர்கள் மெச்சிக்கொள்வது அந்த ஒரு மில்லிமீட்டரைத்தான். இந்தப் பிளேட்டில் ஒரு பக்கத்து லைனிங்கிலிருந்து மறுபக்கம்வரை நீள ரிவிட்டை ஊடுருவ அடித்து இறுக்கியிருந்தார்கள். அலை தட்டையாகிவிட்டது. நடுக்கத்துக்குக் காரணம் அது. போதாததற்கு பிளேட் கோணலாகவும் இருந்தது. மிதித்தாலும் ஒரு ஓரம் எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் சுற்றல் நிற்கவில்லை. இரண்டாவது கியரின் உரசல் அங்கிருந்துதான் வந்தது.

“இதைச் சரிபண்ண ஒரே ஆள்தானுங்க” என்று ஒரு பையனைக் கூட அனுப்பினார்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால், லாரி ஆக்சில்கள் அடுக்கியிருந்த ஒரு சந்தில், தகரம் வேய்ந்த அறை. பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், “ஆர் கண்ணு இதை இப்படிக் கொன்னது?” என்றார்.

அவர் வேலை செய்வது கால்மிதி வைத்த ஒரு சின்ன பிரஸ்ஸில். அதன் முனையில் இருக்கும் பஞ்சை அவரே செய்திருக்கிறார், லேலண்ட் லாரியின் வால்வுத் தண்டை வெட்டி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, நுனியைத் தானே ராவி. கடைப் பஞ்ச் ரிவிட்டின் வாலை நசுக்கிப் பிளந்துவிடுமாம். இவருடையது பித்தளையைச் சுற்றிலும் சமமாக விரித்து மடக்குகிறது. பழைய ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்தார். இதழ்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு உயிர் இருந்தது. அந்த இரண்டுக்கு, மூலையில் கிடந்த பழைய பிளேட் குவியலில் வெகுநேரம் துழாவி ஒத்த இதழ்களைக் கண்டுபிடித்து மாற்றினார்.

பிறகு லைனிங். இங்கேதான் சூட்சுமம். ஒரு ரிவிட் மேல்பக்கத்து லைனிங்கை மட்டும் இதழோடு சேர்க்கும். அடுத்த ரிவிட் கீழ்ப்பக்கத்து லைனிங்கை மட்டும். எதிர்ப்பக்கத்தில் அதற்கு நேராக வெறும் ஓட்டை. பஞ்ச் போய்வரத்தான் அந்த ஓட்டை. இரண்டு லைனிங்கும் ஒன்றோடொன்று கட்டப்படாமல், நடுவில் அலை சுதந்திரமாக இருக்க வேண்டும். ரிவிட்டின் தலை லைனிங்குக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் புதைந்திருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. எதிரெதிர் திசையில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போனார். முடிந்ததும் பிளேட்டை ஒரு தண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, டயல் கேஜ் முள்ளைப் பார்த்தார். ஒரு இடத்தில் முள் எகிறியது. மரச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு. மறுபடி சுற்றினார். முள் அடங்கியது.

பெரியவருக்குப் பல்லடம் பக்கத்துக் கிராமம். அப்பா தறி நெய்தவர். பன்னிரண்டு வயதில் லாரிப் பட்டறைக்குக் கையாளாக வந்து, பிரேக் லைனிங் அடிக்கக் கற்று, அங்கிருந்து கிளட்ச் பிளேட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு காலத்தில் இந்தச் சந்தில் நாலைந்து பேர் இதே வேலை செய்திருக்கிறார்கள். பந்தய சீசன் வந்தால் ராத்திரியில் கதவைத் தட்டுவார்களாம். மாஸ்டரின் குருவுக்கும் இவர்தான் பிளேட் கட்டியிருக்கிறார். “பந்தயம் பாத்ததில்லீங்க. செயிச்சா வந்து சொல்லுவாங்க, தோத்தா வரமாட்டாங்க” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த இருமல் என்னை உறுத்தியது. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் லைனிங் என்றால் கல்நார்தான். சூடு தாங்கும், மலிவு. துளைத்தால் பறக்கும் தூசியை அவர் வருடக்கணக்கில் வாயால் ஊதித் தள்ளியிருக்கிறார். கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடமாவது, அல்லது வேலையை விட்டு 15 வருடம்வரை, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகளுக்கு அந்த உத்தரவு. வருகைப் பதிவேடே இல்லாத தகர அறைக்கு எந்தக் குறிப்பேடு வரும்? இப்போது அவர் போடுவது கல்நார் இல்லாத லைனிங். வாயில் துண்டு கட்டிக்கொள்கிறார், ஞாபகம் வந்தால்.

ஒரு பிளேட்டுக்கு அவர் கைக்கு வருவது 150 ரூபாய், லைனிங் விலை தனி. வண்டிக்காரரிடம் வாங்குவது எவ்வளவு என்று கூட வந்த பையனைக் கேட்டேன். வேலைக்கு மட்டும் 800 என்றான். நடுவில் இருப்பது ஒரு ஸ்பேர்ஸ் கடை. பிளேட்டை ஸ்கூட்டரில் கொண்டுவருவதும் திரும்பக் கொண்டுபோவதும்தான் அவர்கள் செய்யும் வேலை. இதே ஆட்கள்தான் வேறு எங்கோ நீள ரிவிட் அடிக்க வைத்து, பெயின்ட் பூசி, புதுசு என்று பெட்டியில் விற்பதும். நன்றாகச் செய்பவனுக்கும் அதே 150, கெடுப்பவனுக்கும் அதே 150. பிளேட் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மறைந்துவிடுவதால் வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியும்போது கியர்பாக்ஸைக் குறை சொல்வான். நல்ல வேலைக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காத ஏற்பாட்டில் நல்ல வேலைக்காரர் கடைசி ஆளாக மிஞ்சியிருப்பதில் என்ன ஆச்சரியம்? நண்பருக்கும் கோபம் வந்தது. பெரியவர் கையில் ஆயிரம் ரூபாயைத் திணித்தார். அவர் வேண்டாம் வேண்டாமென்று சொல்லி, பிறகு சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்திருந்த இடங்களை லேத்தில் லேசாகச் சீவி எடுத்தார்கள். ரிலீஸ் பேரிங் புதிது. கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசையில் மாஸ்டர் கிரீஸைத் தடவிவிட்டுத் துணியால் துடைத்தே எடுத்துவிட்டார். அதிகம் வைத்தால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படுமாம். மற்ற வேலைகளை நான் பார்க்கவில்லை.

வண்டி வந்ததும் செட்டிபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பெடல் காலுக்கு அடங்கியது. காலை எடுக்க எடுக்க, எங்கே பிடிக்க ஆரம்பிக்கிறது என்று பாதத்துக்குத் தெரிந்தது. இரண்டாவது கியர் இரண்டு விரலுக்கு விழுந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும், எஞ்சின் சூடாகும்வரை, ஒரு சின்ன முனகல் மிச்சம். சின்க்ரோ வளையம் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்துவிட்டது, சூடாகும்வரை இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். சும்மா இருக்கும்போது இடது காலைப் பெடல்மேல் வைத்திருக்கும் பழக்கத்தை விடச் சொல்லி நண்பரைத் திட்டவும் செய்தார்.

பணம் கொடுக்கும்போது, உக்கடத்தில் பெரியவருக்கு நேரடியாகக் கொடுத்ததை நண்பர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை.

“கடைக்காரனுக்குத் தெரிஞ்சா அவருக்கு அடுத்த பிளேட் அனுப்ப மாட்டானுங்க. நீங்க வருசத்துக்கு ஒருக்கா வருவீங்க. கடைக்காரன் வாரத்துக்கு அஞ்சாறு அனுப்பறானுங்க. இனி எதா இருந்தாலும் கடை வழியாவே போயிருங்க.”

நண்பர் ஒரு பழைய பிளேட்டை உபரியாகத் தேடி வாங்கியிருக்கிறார். போன வாரம் அதை லைனிங் அடிக்கக் கொடுத்தார், கடை வழியாக, 800 ரூபாய்க்கு. உக்கடம் பெரியவரிடம்தான் போக வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாராம். அதற்குக் கடைக்காரர் தனியாக நூறு ரூபாய் கேட்டிருக்கிறார்.