வில்லியனூர்ச் சாலையில் ஒரு ‘வேண்டாம்’

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள வில்லியனூரை நம் குடும்பங்கள் நன்கு அறியும். லூர்து அன்னையின் திருத்தலத்துக்கும் அங்குள்ள திருக்குளத்துக்கும் திருவிழா நாள்களில் குடும்பம் குடும்பமாகச் சென்று வந்தவர்கள் பலர். திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரமும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் இருப்புப்பாதையின் சிறு நிலையமும் அவ்வூரின் பிற அடையாளங்கள். ஆனால், வில்லியனூரிலிருந்து தெற்கே திரும்பி, சங்கராபரணி ஆற்றைக் கடந்து, பாகூர் வரை செல்லும் வழியில் பயணம் செய்தவர் நம்மில் சிலரே. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியை மிதிவண்டியில் சென்று காண்பதே நன்று. பேருந்தில் சென்றால் ஊர்களைக் காணலாம். மிதிவண்டியில் சென்றால் வழியில் நிற்கும் மனிதரையும் காணலாம்.

பிரெஞ்சு ஆட்சி இம்மண்ணில் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறையில் முடிவுற்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிவுற்றது. ஆயினும் அவ்வாட்சி விட்டுச்சென்ற ‘கொம்யூன்’ என்னும் சொல் இன்றும் மக்கள் வாயில் வழங்கி வருகிறது. வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன் பஞ்சாயத்துகள். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக அமையாமல், தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் இப்பக்கம் மிதிவண்டியில் சுற்றுகிறவர் தம்மை அறியாமலே எல்லையைக் கடப்பதும் உண்டு. நெல்லும் கரும்பும் இருபுறமும் பசுமை காட்டும். நிலம் சமதளம், ஏறி இறங்க மேடு பள்ளம் இல்லை. மிதிவண்டிக்கென்றே இறைவன் அமைத்த பூமியோ என எண்ணத் தோன்றும்.

இந்நாளில் மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்டன. எனினும், பால் கேனைத் தொங்கவிட்டுச் செல்வோரும், புல்லுக்கட்டைக் கேரியரில் வைத்துக் கட்டிச் செல்வோரும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் இச்சாலைகளில் மிதிவண்டியைக் கைவிட்டாரில்லை. மிதிவண்டி உள்ள இடத்தில் அதன் தொல்லைகளும் உண்டு. வேலியோரச் சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து ட்யூபை வெறுமையாக்கிவிடும். பழைய செயின் தளர்ந்து, பல்சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். அப்போது வண்டிக்காரர் புளியமர நிழலில் வண்டியை நிறுத்திக் குனிந்து உட்காருவார். அவ்வழியே வருகிற மற்றொரு மிதிவண்டிக்காரர் காலை ஊன்றி நின்று, “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்பார். இது இப்பக்கத்தின் நெடுநாள் வழக்கம். ஆனால், அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் “வேண்டாம்” என்பதே. இவ்விடையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

ஒருநாள் காலை, கரிக்கலாம்பாக்கத்துக்கு அப்பால் முதியவர் ஒருவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். செயின் கழன்றிருந்தது. விரல்களெல்லாம் கறுத்த எண்ணெய். வண்டியை நிறுத்தி, “ஐயா, நான் பிடித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வேணாம் தம்பி, நீங்க போங்க. இது எனக்குப் பழகின வண்டி” என்றார். குரலில் கோபம் இல்லை. தம் கைத்திறனில் கொண்ட உறுதியே இருந்தது. நான் பத்து அடி செல்வதற்குள் அவரும் ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார். சிறிது நேரத்தில் புல்லுக்கட்டோடு என்னை முந்திச் சென்றவர், திரும்பிப் பார்த்து ஒரு முறை மணியடித்தார். அவ்வளவே.

இத்தகைய ‘வேண்டாம்’ தன் கையே தனக்குதவி என்று வாழ்ந்தவரின் விடை. வறுமையில் வளர்ந்த பலருக்குக் கடன் என்றால் அச்சம். அக்கடன் பணமாக இருக்க வேண்டுவதில்லை. ஒருவர் நமக்காகச் செலவிட்ட பத்து நிமிடமும் அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாகவே தோன்றும். வலிந்து உதவினால் அவருடைய சுமையை நாம் குறைப்பதில்லை, கூட்டிவிடுகிறோம்.

மிதிவண்டியின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. தொடக்கக் காலத்துக் காற்று டயர்கள் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தன. பஞ்சர் ஆனால் அதைப் பிரித்து ஒட்டுவது நெடுநேர வேலை. 1891ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மிச்சலின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டத்தக்க டயரை உருவாக்கினர். அதே ஆண்டு பாரீசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அந்த டயரை மாட்டிச் சென்ற சார்ல் தெர்ரோன் என்பவர் வெற்றி பெற்றார். சாலையோரத்தில் அமர்ந்து, எவர் துணையுமின்றித் தம் வண்டியைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் எளியவர் கைக்கும் எட்டியது இவ்வாறுதான். உப்புத்தாள், சொலூஷன், ஒரு துண்டு ரப்பர், சிறு பம்பு ஆகியவை பையில் இருந்தால், “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையும் அந்தப் பையில் இருக்கிறது.

அந்நாட்டிலேயே, உதவியை ஏற்பதைத் தடுத்த விதியும் இருந்தது. வில்லியனூர்த் திருத்தலத்துக்குப் பெயர் தந்த லூர்து நகரம் பிரான்சின் தெற்கே பிரனே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. அம்மலைத்தொடரின் தூர்மலே கணவாயில், 1913ஆம் ஆண்டுத் ‘தூர் தெ பிரான்சு’ பந்தயத்தின்போது, யூஜின் கிறிஸ்தோஃப் என்னும் வீரரின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. எவரிடமும் உதவி பெறலாகாது என்பது அந்நாளைய விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து, 10 கிலோமீட்டருக்கு மேல் மலையிலிருந்து நடந்து இறங்கி, சாந்த் மரி தெ காம்பான் என்னும் சிற்றூரின் கொல்லுப்பட்டறையை அடைந்தார். பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து, பல மணி நேரம் உழைத்துக் கவையைப் பொருத்தினார். அவருக்காகத் துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன். அச்சிறு உதவியைப் பெற்றதற்காகவும் அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது! ஆயினும் அவர் பந்தயத்தை விட்டு விலகவில்லை. பாரீசு வரை மிதித்து 7ஆம் இடம் பெற்றார். அந்த விதி பின்னாளில் தளர்த்தப்பட்டது. அவர் இரும்படித்த ஊரில் இன்று அவர் நினைவைப் போற்றும் கல்வெட்டு உள்ளது.

அவ்வகை மரபின் சாயலை நம் பாகூர்ப் பக்கத்திலும் இந்நாளில் காணலாம். கிருமாம்பாக்கம் வழியே கடலூர் செல்லும் பெருஞ்சாலையில், ஒளி வீசும் மேலங்கி அணிந்து இரவிலும் மிதித்துச் செல்லும் நெடுந்தூரப் பயணிகள் சிலர் தென்படுவர். ‘பிரவே’ எனப்படும் அப்பயணங்களின் விதிகளைப் பாரீசு நகரத்துச் சங்கம் ஒன்று வகுத்துள்ளது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் கடத்தல் வேண்டும். பின்தொடர்ந்து வரும் வண்டியின் துணை கூடாது. துணை தேவையாயின் குறித்த நிலையங்களில் மட்டுமே பெறலாம். அவ்வாறு சென்ற இளைஞர் ஒருவர் சாலையோரத்தில் ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தபோது, காய்கறி வேன் ஓட்டி வந்தவர் இரக்கத்தோடு, “ஏறிக்கங்க தம்பி, கடலூர்ல விட்டுடறேன்” என்றார். இளைஞர் கைகூப்பி மறுத்தார். வேன்காரர் வியந்து, “வசதியா இருக்கிற பிள்ளைக்கு ஏன் இந்தப் பாடு?” என்று சொல்லிக்கொண்டே சென்றார். மறுத்தவரிடம் ஆணவம் இல்லை. தாம் ஏற்றுக்கொண்ட நோன்பை முடிக்க அவர் விரும்பினார். நோன்பு இருப்பவருக்குச் சோற்றை வற்புறுத்திப் படைப்பது அன்பாகுமா?

இனி, மூன்றாவது வகை ‘வேண்டாம்’ ஒன்று உண்டு. அதுவே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. மாலை மங்கும் வேளையில், ஏம்பலத்துக்கு அருகே பள்ளிச் சீருடையணிந்த இரு மாணவியர் பஞ்சரான ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றனர். சற்றுத் தொலைவிலேயே நின்று, “அம்மா, என்னிடம் பம்பு இருக்கிறது, காற்றடித்துத் தரட்டுமா?” என்று வினவினேன். மூத்தவள் உடனே, “வேண்டாங்க ஐயா, அப்பா வர்றாரு” என்றாள். தந்தை வருகிறாரா என்பதை அவள் கண்கள் சொல்லவில்லை. ஆயினும் அறிமுகமற்ற ஆடவரிடம் இருட்டும் நேரத்தில் அவ்வாறு விடை சொல்லத் தெரிந்திருந்தது அவளுடைய நல்லறிவு. ஏதோ ஒரு தாய் அதைக் கற்றுத் தந்திருக்கிறாள். அதனால் மனம் புண்படுவது முறையன்று. அதே வேளையில், இருளில் அவர்களை அப்படியே விட்டுச் செல்வதும் முறையன்று. அடுத்த திருப்பத்தில் இருந்த தேநீர்க் கடை அம்மாளிடம் செய்தியைச் சொன்னேன். “நம்ம தெருப் புள்ளைங்கதான்” என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு அவர் டார்ச்சு விளக்கோடு புறப்பட்டார். என்னிடம் மறுக்கப்பட்ட உதவி, அவர்கள் நம்பும் ஒருவர் கைவழியே சென்று சேர்ந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், நாட்டுப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பேருந்துக்கோ, கணவன், அண்ணன் ஆகியோரின் துணைக்கோ காத்திராமல் தாமே வயலுக்கும் சந்தைக்கும் சென்று வந்தனர். மிதிவண்டி அவர்களுக்குப் பயணத்தோடு சுதந்திரத்தையும் தந்தது. அச்சுதந்திரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரமும் அடங்கும். நம் பெண்மக்களுக்கு மிதிவண்டி வாங்கித் தரும் பெற்றோர், பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் கற்றுத் தருவார்களானால், அவர்கள் சொல்லும் ‘வேண்டாம்’ அச்சத்தால் சொல்வதாக இராது. தன்னம்பிக்கையால் சொல்வதாக இருக்கும்.

அப்படியானால் கேட்பதையே விட்டுவிடலாமா? இங்குதான் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இரண்டு முறை மறுக்கப்பட்டவர் மூன்றாம் முறை, “நமக்கேன் வம்பு” என்று எண்ணி மிதித்துச் சென்றுவிடுகிறார். பத்துப் பேர் அவ்வாறு எண்ணிவிட்டால், பதினோராவது நாளில் உண்மையாகவே உதவி வேண்டி நிற்பவரிடம் நின்று கேட்க எவரும் இரார். ஒன்பது ‘வேண்டாம்’களைப் பொறுத்துக்கொள்வது, பத்தாவதாக வரும் ஒரு ‘ஆம்’ என்பதற்காகவே.

ஆதலின், கேட்கும் முறையை அறிந்துகொள்ளல் நலம். மிக நெருங்காமல் சற்று விலகி நின்று கேட்க வேண்டும். “என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று?” என்று விசாரணை செய்யாமல், “பம்பு வேண்டுமா? தண்ணீர் வேண்டுமா?” என்று நம்மிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டால், மறுப்பதும் ஏற்பதும் அவருக்கு எளிதாகும். அருகில் சைக்கிள் கடை எங்குள்ளது என்று சொல்லிவிட்டுச் செல்வதும் ஓர் உதவியே. மறுத்துவிட்டால் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாமல், முகம் கோணாமல் விடைபெற வேண்டும். மறுப்பவரும், “வேண்டாம், நன்றி” என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால், கேட்டவர் அடுத்த முறையும் நிற்பார்.

ஆனால், விடை சொல்லும் நிலையில் இல்லாதவரைக் கண்டால் அனுமதிக்குக் காத்திருத்தல் தகாது. நல்ல சமாரியர் எரிகோ சாலையில் கண்ட மனிதர் குற்றுயிராய்க் கிடந்தார். அவரால் ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல இயலவில்லை. மோட்டார் வாகனம் மோதி மிதிவண்டியோடு விழுந்து கிடப்பவரின் நிலையும் அதுவே. அவரைக் காப்பாற்ற முன்வருவோருக்குக் காவல் நிலையத்தாலும் நீதிமன்றத்தாலும் தொல்லை நேருமோ என்ற அச்சம் முன்பு இருந்தது. 2016ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், அத்தகையோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் அவர்களுக்குக் காப்பளிக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவரைத் தம் பெயர் கூறுமாறு வற்புறுத்தவும் இயலாது. எனவே, 108 என்ற எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்சு வரும்வரை அருகில் நிற்பது ஒவ்வொருவர் கடமை.

சாலை முடிவுறும் பாகூர் பழம்பெருமை வாய்ந்த ஊர். மூலநாதர் கோயில் அங்கே உள்ளது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அவ்வூரில் இயங்கிய கல்விக்கழகம் ஒன்றுக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்த செய்தியைக் கூறுகிறது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்காலின் நீரால் நிறையும் பரந்த ஏரியும் அங்கே உண்டு. ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை வயலின் தேவை அறிந்தே முடிவு செய்வர். வேண்டாத வேளையில் பாயும் நீர் பயிரை அழுகச் செய்யும். வேண்டிய வேளையில் வராத நீர் பயிரை வாட்டும். பிறருக்குச் செய்யும் உதவியும் அத்தன்மையதே.

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு மிதிவண்டியில் அச்சாலை வழியே ஒருமுறை சென்று வாருங்கள். பையில் ஒரு பம்பும், சிறிது சொலூஷனும், குடிநீரும் இருக்கட்டும். வழியில் எவரேனும் வண்டியை நிறுத்தியிருக்கக் கண்டால், கேட்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். “வேண்டாம்” என்ற விடை வந்தால், “சரிங்க, வருகிறோம்” என்று மலர்ந்த முகத்தோடு சொல்லவும் அவர்கள் பழகட்டும்.