தோளுக்கும் வண்டிக்கும் ஒரு பை

"மாமா, உங்களுக்கு எந்த மாதிரிப் பை வேணும்? தோளிலை போடுறதோ, வண்டிலிலை வைக்கிறதோ?"

கடந்த மார்கழியில் இலங்கைக்கு வரவிருந்த என் மருமகன் லண்டனில் இருந்து தொலைபேசியில் இப்படிக் கேட்டான். இரண்டுக்கும் உதவுகிற ஒன்றாகப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்வது எளிதாக இருந்தது. அதன் பின்னர் ஏறக்குறைய மூன்று வாரங்கள் நாங்கள் இருவரும் படங்களையும் அளவுகளையும் வட்ஸ்அப்பில் அனுப்பிக் கொண்டிருந்தோம். ஒரு கோல்ஃப் பையில் இவ்வளவு இருக்கிறதா என்று வியப்பவர்களுக்காகவும், ஓய்வு பெற்ற பின்னர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்த ஆட்டத்தில் இறங்கியிருக்கும் பழைய நண்பர்களுக்காகவும் அந்த மூன்று வாரக் கதையை எழுதி வைக்கிறேன்.

தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன உறவு என்று புருவத்தை உயர்த்துவோர் உண்டு. உறவு தொழிலால் வந்தது. எண்பதுகளில், விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்தவர் விடுமுறையில் இருந்த ஒருநாள், ஆசிரியர் என்னைப் பொரளையில் உள்ள ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்துக்கு அனுப்பினார். 1879 ஆம் ஆண்டு காலிமுகத்திடலில் தொடங்கப்பட்டு, 1896 இல் பொரளைக்கு இடம்பெயர்ந்து, 1928 இல் 'ரோயல்' என்ற பட்டத்தைப் பெற்ற கழகம் அது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. ரயில் வரும்போது பிரபுக்களும் மட்டையைக் கீழே ஊன்றிக் காத்து நிற்க வேண்டியதுதான். அந்தக் காட்சிக்காகவே ஆட்டம் எனக்குப் பிடித்துப் போயிற்று. விளையாடத் தொடங்கியது என்னவோ ஓய்வு பெற்ற பின்னர், தினமும் நடக்கும்படி வைத்தியர் சொன்னபோதுதான். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடித்தால் எட்டுக் கிலோமீற்றருக்குக் குறையாமல் நடந்திருப்போம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை நுவரெலியாவுக்குச் சென்று நான்கைந்து நாட்கள் தங்கி ஆடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்குள்ள கழகம் 1889 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உறுப்பினர் அல்லாதோரும் பணம் செலுத்தித் தற்காலிகமாக ஆடலாம்.

கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கும் அந்த ஊரில் மைதானம் ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கிறது. மழை எந்த நேரத்தில் வரும் என்று மழைக்கே தெரியாது. அங்கே எனக்குப் பை சுமப்பவர் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் இந்தத் தொழில் செய்பவருக்கு உள்ள பெயர் பிரெஞ்சு மொழியின் 'கடே' என்ற சொல்லில் இருந்து ஸ்கொட்லாந்து வழியாக வந்தது. அதைத் தமிழில் உள்ளபடி எழுதினால் 'கேடி' என்று வரும். ஒரு நேர்மையான உழைப்பாளியைக் கேடி என்று அச்சிட எந்த உதவி ஆசிரியனுக்கும் கை வராது. ஆகவே நான் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

அதுவரை நான் பாவித்தது, நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுச் சென்ற பை. வண்டியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. வெறும் பையே நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரேயொரு வார். சென்ற சித்திரை மாதம் ஆறாவது குழியை முடித்து மேட்டில் ஏறும்போது, பெரியவர் பையை வலது தோளில் இருந்து இடது தோளுக்கு மாற்றினார். சற்று நேரத்தில் மறுபடியும் வலதுக்கு. இருபது வருடங்களாக ஒரே தோளில் வார் அழுத்தியதால் அந்தப் பக்கம் சற்றே தாழ்ந்து போயிருப்பதை அன்றுதான் நேராகக் கண்டேன். ஆசுபத்திரியில் காட்டியிருக்கிறார். பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாரம் தூக்குவதே தொழிலாக உள்ளவரிடம் வேறு என்னதான் சொல்வார்கள்?

தள்ளுவண்டி ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வண்டி வந்துச்சுன்னா ஆளு எதுக்குன்னு கேப்பாங்க ஐயா. ஐயா கேக்க மாட்டீங்க. மத்தவங்க கேப்பாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் உள்ள பொருளாதாரத்தை நான் பத்திரிகையில் எழுதிய எந்த ஆசிரியத் தலையங்கத்திலும் சொல்லியதில்லை. பாரத்தைக் குறைத்தால் கூலியும் குறையும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விடயம் அல்ல. நிறுவையில் பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கு அல்லவா அவருடைய தாயாரின் சம்பளத்தைத் தீர்மானித்தது! ஆனால் ஆடுகளத்தில் நான் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் சுமைக்கான பங்கு சிறியது. காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, புல்தரை எங்கே சரிகிறது, புதருக்குள் போன பந்து எந்த வேருக்கடியில் கிடக்கும் என்பன அவருடைய கல்வி. வண்டி அவற்றைச் சொல்லாது. வண்டியில் வைத்தாலும் தோளில் போட்டாலும் கூலி ஒன்றே என்று பேசி முடித்தோம். அத்துடன் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். ஈரமான ஏற்றங்களிலும் ஒடுங்கிய பாதைகளிலும் வண்டி சரிப்படாது, அங்கே தான் தூக்கியே தீருவார். இரண்டுக்கும் உதவும் பை என்ற தேடல் இவ்வாறுதான் பிறந்தது.

இங்கிலாந்தில் இந்தத் தேவைக்கு வேறு காரணம் உண்டு என்று மருமகன் சொன்னான். மாரிகாலத்தில் தரை ஊறிப்போனால் பல கழகங்கள் சக்கரங்களைத் தடை செய்துவிடும். கோடையில் வண்டி, மாரியில் தோள் என்று வாழ்வோர் அங்கே ஏராளம். ஆகவே கடைகளில் மூன்று இனங்கள் இருக்கின்றன. சுமப்பதற்கென்றே உள்ளவை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. வண்டிக்கென்றே உள்ளவை மூன்று கிலோவும் அதற்கு மேலும். இடையில் நிற்பவை இரண்டு முதல் இரண்டரை கிலோ. இவற்றைக் கலப்பினம் என்கிறார்கள்.

கலப்பினம் என்று துண்டு ஒட்டியிருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பார்க்க வேண்டிய முதல் இடம் அடிப்பாகம். தோளில் இருந்து இறக்கித் தரையில் சாய்த்தவுடன் இரண்டு மெல்லிய கால்கள் விரிந்து பையைத் தாங்கும் அமைப்பை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் சன் மவுன்டன் நிறுவனத்தால் பரவலான அமைப்பு அது. அடித்தட்டு தரையில் அழுந்தும்போது ஒரு கம்பி மேலே தள்ளப்பட்டுக் கால்கள் விரியும். தரையில் இது வசதி. வண்டியின் கீழ்த் தாங்கியில் வைத்தாலும் அதே தட்டுத்தான் அழுந்துகிறது. கால்கள் வண்டியிலேயே விரியப் பார்க்கும். ஆகவே கால்களைக் கட்டி வைக்க ஒரு பட்டி வேண்டும். அல்லது தாங்கியில் அமரும் பகுதி அசையாததாக இருக்க வேண்டும். அடிப்பாகம் முழுவதும் உருண்டையாக இருந்தால் பை வண்டியில் அங்குமிங்கும் திரும்பும்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நேராக்க வேண்டி வரும். முன்புறம் சற்றுத் தட்டையாகவோ பள்ளமாகவோ இருப்பது நல்லது.

இரண்டாவது, சட்டைப்பைகள் இருக்கும் பக்கம். வண்டியில் பையின் ஒரு பக்கம் சட்டத்தில் படிந்து கிடக்கும். மழை அங்கியை வைக்கும் பெரிய அறை அந்தப் பக்கத்தில் இருந்தால், மழை வந்தபின் பையைக் கழற்றித்தான் அங்கியை எடுக்கலாம். நுவரெலியாவில் அதற்குள் நனைந்து முடிந்திருக்கும். வண்டியின் பட்டி எந்த அறையையும் மூடாமல் உள்ளே நுழைந்து செல்ல வழி விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொன்னேன். முழுவதும் நீர் புகாத துணியும் மூட்டுகளும் கொண்டவை விலை கூடியவை. மருமகன் பார்த்தவை பெரும்பாலும் 150 பவுணுக்கும் 250 பவுணுக்கும் இடைப்பட்டவை. 2022 இல் ரூபா விழுந்த விழுக்காட்டுக்குப் பின்னர் அந்தத் தொகையை நான் ரூபாவில் பெருக்கிப் பார்ப்பதில்லை.

மேல் வாயில் எத்தனை தடுப்புகள் என்பது கடைக்காரர்கள் முழங்கும் விடயம். பதினான்கு மட்டைக்கும் பதினான்கு அறைகள் என்றால் அழகுதான். பாரமும் கூடும், ஒடுங்கிய அறைகளில் பிடிகள் சிக்கிக் கொள்ளவும் செய்யும். ஐந்தாறு தடுப்புகள் போதும் என்பது என் முடிவு. ஆனால் தடுப்புகள் அடிவரை இறங்க வேண்டும். இல்லாவிடின் வண்டி குலுங்கக் குலுங்கக் கீழே எல்லாம் பின்னிக் கொள்ளும்.

எனினும் நாங்கள் அதிகம் மினக்கெட்டது வாரைப் பற்றித்தான். இரட்டை வார், பாடசாலைப் பிள்ளையின் புத்தகப்பை போல இரண்டு தோளிலும் பாரத்தைப் பகிர்வது, தொண்ணூறுகளில் பரவியது. மருமகன் கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, "நல்லாப் பொருந்துது மாமா" என்று படம் அனுப்பினான். அவன் ஆறடி. நானும் உயரம். அதனால் ஆவதென்ன? பெரியவர் ஐந்தடி மூன்றங்குலம். நெட்டையருக்குப் பொருந்தும் வார் அவருடைய முதுகில் பையைத் தொங்க விடும். அடிப்பாகம் தொடையில் இடித்துக் கொண்டே வரும். நான் நுவரெலியாவுக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய மகளைக் கொண்டு தோளில் இருந்து இடுப்பு வரை தையல் நாடாவால் அளப்பித்து, அந்த அளவை லண்டனுக்கு அனுப்பினேன். கடையில் இருந்த பெண், பையை வாங்குபவர் யாருக்காக அளக்கிறார் என்று விளங்காமல் இரண்டு தடவை கேட்டாளாம். அந்த அளவுக்குச் சுருங்கும் வார், இடுப்பில் படியும் இடத்தில் மெத்தை, பாரம் 2.3 கிலோ. இந்த மூன்றும் சேர்ந்த ஒன்று நாலாவது கடையில் கிடைத்தது.

பையின் கணக்கு இத்துடன் முடிவதில்லை. அதற்குள் போவதே பெரும் பாரம். பதினான்கு மட்டைகள் ஏறக்குறைய ஆறு கிலோ. ஒரு பந்து 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஒரு டசின் பந்துகள் அரைக் கிலோவைத் தாண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. குடை, அங்கி, துவாய் என்று சேர்த்தால் பதினொரு கிலோவில் வந்து நிற்கும். ஒரு காலத்தில் மட்டைகளுக்கு எண்ணிக்கையே இருக்கவில்லை. இருபத்தைந்துக்கு மேல் கொண்டு போன பிரபலங்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பை சுமந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்காவில் 1938 இலும் பிரித்தானியாவில் 1939 இலும்தான் பதினான்கு என்ற எல்லை வந்தது. பதினான்கு என்பது உச்ச எல்லை. அதற்குக் குறைவாகக் கொண்டு போவதற்குத் தண்டனை கிடையாது. 1913 இல் இருபது வயது பிரான்சிஸ் விமெட் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றபோது அவருக்குப் பை சுமந்தவன் எடி லோரி என்ற பத்து வயதுச் சிறுவன். அந்தப் புகைப்படத்தைப் பாருங்கள். பை அவனுடைய உயரத்துக்குக் கிட்ட வருகிறது.

தை மாதம் புதிய பையுடன் நுவரெலியா போனேன். கொழும்பில் பழையதாக வாங்கிய மூன்று சக்கரத் தள்ளுவண்டி காரின் பின்புறத்தில் இருந்தது. பெரியவர் முதலில் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையை வாங்கித் தரையில் சாய்த்தார், கால்கள் விரிந்தன. தூக்கினார், மடிந்தன. நாலைந்து தடவை இதைச் செய்தார். வார்களை மாட்டிக் கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி நடந்து, திரும்பி வந்து, இடது வாரை ஓர் அங்குலம் இறக்கினார்.

"பாரம் தெரியல ஐயா. ஆனா இது நெறைஞ்சா தெரியும்" என்றார்.

நான் மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினேன். பத்தாவதுடன் அவர் பையின் வாயில் கையை வைத்தார். மீதி நான்கையும் விரலால் காட்டி, "இந்த நாலையும் ஐயா போன வருசம் பூரா தொடவே இல்லீங்க" என்றார். கணக்குப் பிழையில்லை. அந்த நான்கும் இப்போது கொழும்பில் என் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் நிற்கின்றன.